காம்பர் வான் நடுங்குதா, ஒரு பக்கம் இழுக்குதா? அலைன்மென்டுக்கு ஓட முதல் இதைப் பாருங்கள்

கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் பூட்டிக் காம்பராக மாற்றிய ஹையேஸ் வான் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஏ9 வீதியில் ஆனையிறவு வெளிக்கு வந்து வேகம் 70ஐத் தொட்டால் ஸ்டியரிங் கையில் நடுங்கும், 50க்கு இறக்கினால் அடங்கிவிடும். இரண்டு தடவை அலைன்மென்ட் (சில்லுகள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது) செய்தோம், காசுதான் போனது. பிறகு கொக்குவிலில் ஒரு அண்ணை சில்லைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினார், ரிம்மின் உள்ளே செம்பாட்டு மண் காய்ந்து கட்டியாக ஒட்டியிருந்தது. மழைக்காலத்தில் தோட்ட ஒழுங்கைக்குள் விட்டு எடுத்த மண். அதைச் சுரண்டிக் கழுவிப் பலன்ஸ் (சில்லின் பாரம் சுற்றிலும் சமமாக இருக்க ஈயக்கட்டி அடிப்பது) செய்ததும் நடுக்கம் நின்றது.

ஆகவே முதலில் பலன்ஸ் பிழையா, அலைன்மென்ட் பிழையா என்று பிரித்து அறியுங்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் நடுக்கம் வந்தால் அது பெரும்பாலும் பலன்ஸ். ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சில்லு, இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின் சில்லு. நேர் வீதியில் வான் ஒரு பக்கம் இழுத்தாலோ, நேரே ஓடும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ, டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தாலோ அலைன்மென்டைச் சந்தேகியுங்கள். எங்கள் வீதிகள் மழைநீர் வடிய ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் இடப்பக்கம் கொஞ்சம் சாய்வது இயல்பு, அதற்காக ஒன்றையும் திருகவேண்டாம்.

டயரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் வாள்பல் மாதிரியும் இருந்தால் முன் சில்லுகள் உள்ளேயோ வெளியேயோ பார்த்து நிற்கின்றன. குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷொக் அப்சோபர் போயிருக்கலாம், பலன்ஸும் காரணமாகலாம். நடு மட்டும் தேய்ந்தால் காற்றுக் கூட, இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு.

காற்றை விடியப்புறம், வான் ஓடமுதல், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவு மாற்றம் செய்யாத வானுக்கு உரியது, உங்களுடையது இப்போது ஒரு சின்ன வீடு. 80 லீற்றர் தண்ணீர் என்றால் 80 கிலோ, அதற்குமேல் பற்றரி, எரிவாயு சிலிண்டர், பலகை அலுமாரி. லொறி நிறுக்கும் தராசு இருக்கிற இடத்தில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். டயரில் 107/105 என்று இருந்தால், அச்சின் ஒவ்வொரு பக்கமும் ஒரே டயர் பூட்டியிருக்கும்போது ஒரு டயர் 975 கிலோ வரை தாங்கும். காருக்குரிய டயரை இதில் போடவே கூடாது. பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்கத் திகதியையும் பாருங்கள், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். காம்பர் வான்கள் மாதக்கணக்கில் நிற்பவை, பூ தேயமுதலே டயர் கிழடாகிவிடும். நின்ற இடத்திலேயே அடி தட்டையாகியும் நடுங்கும்.

இனி ஜக் போட்டுச் சில்லைத் தூக்கி (மறுபக்கச் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள், ஜக்கை நம்பி உள்ளே தலை வைக்காதீர்கள்) இடம் வலமாகப் பிடித்து ஆட்டுங்கள், ஆடினால் ரை ரொட் (ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் தண்டு) முனை. மேல் கீழாக ஆடினால் பெயரிங் அல்லது போல் ஜொயின்ட். அதைச் சரிசெய்யாமல் அலைன்மென்ட் பார்ப்பது வீண், பத்து நாளில் பழையபடி ஆகும். ஓடி வந்ததும் ஒரு சில்லு மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, இழுவைக்கு அதுவும் காரணம். முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்ட இழுவையும் பக்கம் மாறினால், பிழை டயரில்.

பலன்ஸ் செய்யப் போகும்போது ரிம்மை உள்ளும் புறமும் கழுவிக்கொண்டு போங்கள். இயந்திரத்தில் சுற்றும்போது டயர் மேலும் கீழும் துள்ளுகிறதா என்று கண்ணால் பாருங்கள், துள்ளும் டயருக்கு எத்தனை ஈயக்கட்டி அடித்தாலும் சரிவராது.

கடைசியாகத்தான் அலைன்மென்ட், அதுவும் பயணம் போகிற பாரத்தோடு. அந்த அண்ணை சொன்னது இதுதான்: "தம்பி, தண்ணியை நிரப்பிக்கொண்டு வா, வெறும் வானைக் கொண்டுவராதை." ஹையேஸின் பின்பக்கம் இலை வில் (தகடு தகடாக அடுக்கிய வில்), பாரம் ஏற அது அமிழ்ந்து முன்பக்கம் நிமிரும், சில்லுகளின் கோணமும் மாறும். பின் அச்சில் திருகிச் சரிசெய்ய ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். வில்லின் நடு போல்ட் உடைந்து அச்சு நகர்ந்திருந்தால் வான் நண்டு மாதிரிச் சரிந்து ஓடும். அலைன்மென்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்டுத் தரச்சொல்லிக் கேளுங்கள்.

கசூரினா, மணற்காடு மாதிரிக் கடற்கரைகளுக்கு அடிக்கடி போகிறவர்கள் திரும்பி வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்புக் காற்றில் ரை ரொட் மரை இறுகிவிட்டால் அலைன்மென்ட் திருகவே முடியாது, போவதற்கு இரண்டு நாள் முன்பே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

சில்லுக் கழற்றிப் பூட்டினால் 50, 100 கிலோமீற்றருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போகிறவர்கள் கிளிநொச்சியில் தேத்தண்ணிக்கு நிற்பீர்கள்தானே, தேத்தண்ணி வருவதற்குள் இறுக்கிவிடலாம்.