செட்டிநாட்டிலிருந்து அமெரிக்கா வந்தவர்களுக்கு: முழு வான்கோழி சுடும் முன்

நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை இங்கே தேங்க்ஸ்கிவிங், முழு வான்கோழி சுட்டு விருந்து வைக்கும் நன்றி நாள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தாருக்கு வான்கோழிக் கறி புதிதல்ல. ஆனால் நாம் அதைத் துண்டு போட்டுக் குழம்பு வைப்போம். வெந்ததா என்பதைக் கரண்டியால் அழுத்தினாலே தெரிந்துவிடும். ஆறு கிலோ பறவையை முழுதாக ஓவனில் வைத்தால், தொடைக்குள் நடப்பதை எந்தக் கைப்பக்குவமும் சொல்லாது. முதலில் ஓர் இறைச்சித் தெர்மாமீட்டர் வாங்குங்கள்.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் கல்லாக உறைந்திருக்கும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், அடியில் தட்டு வைத்து உருகவிடுங்கள். இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமையே எடுத்து வைத்துவிடுவது நல்லது. சமையல் மேடையில் இரவெல்லாம் கிடத்தாதீர்கள். உள்ளே பனிக்கட்டியாக இருக்கும்போதே வெளிப்புறத்தில் கிருமி பெருகிவிடும்.

மஞ்சள் போட்டு அலசும் வழக்கத்தை இதற்கு விட்டுவிடுங்கள். ஆச்சிமார் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். தெறிக்கும் நீரோடு சால்மொனெல்லா கிருமி தொட்டியிலும் பாத்திரங்களிலும் பரவும். பறவைமேல் இருப்பதை ஓவன் சூடு கொன்றுவிடும். வயிற்றுக்குள்ளோ கழுத்துப் பக்கமோ ஈரல் முதலியவற்றை ஒரு பையில் வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிடுங்கள்.

கல்பாசி, மராட்டி மொக்கு, சோம்பு, மிளகு வறுத்துப் பொடித்து, வெண்ணெயில் குழைத்துத் தோலுக்கு அடியில் தடவுங்கள். தோலின்மேல் பூசினால் மூன்று மணி நேரச் சூட்டில் கருகிக் கசக்கும்.

ஓவன் 325 டிகிரி ஃபாரன்ஹீட். உள்ளே எதுவும் அடைக்காத ஆறு கிலோ வான்கோழிக்கு மூன்று முதல் மூன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். இது உத்தேசக் கணக்குதான். மார்பின் தடித்த பகுதி, தொடையின் உட்புறம், இறக்கையின் உட்புறம் மூன்றிலும், எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைச் செருகுங்கள். மூன்றிலும் 165 டிகிரி, அதாவது 74 செல்சியஸ், காட்டினால்தான் வெந்தது. நிறத்தை நம்பாதீர்கள்: நன்றாக வெந்த கறியும் இளஞ்சிவப்பாக இருக்கலாம், தோலோ உள்ளே வேகும் முன்பே சிவந்து நிற்கும். பறவையோடு சில கடைகளில் வரும், தானே மேலெழும்பும் பிளாஸ்டிக் குச்சியும் போதாது.

இறக்கியதும் இருபது நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள். மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தாளித்து அதை உப்புக்கறி போலப் புரட்டலாம். அப்போதும் ஆவி பறக்கச் சூடாக்குங்கள்.