பழைய டீசல் காரில் ஏசி விட்டு விட்டு வேலை செய்கிறதா? கேஸ் நிரப்பும் முன் இதைப் பாருங்கள்

கிளம்பியதும் ஏசி நன்றாகக் குளிர்கிறது. அரை மணி நேரம் ஓடியபின் வெறும் காற்றுதான் வருகிறது. வண்டியை நிறுத்தி ஆறவிட்டு எடுத்தால் மறுபடி குளிர்கிறது. இப்படிச் சொன்னதுமே பெரும்பாலும் கிடைக்கும் பதில், 'கேஸ் குறைஞ்சிருக்கும்'. என் வண்டியில் கேஸ் சரியாகவே இருந்தது; கோளாறு கம்ப்ரஸர் கிளட்ச்சில், அதாவது ஏசி கேஸை அழுத்தும் கம்ப்ரஸரை பெல்ட் சுற்றும் கப்பியோடு சேர்த்தும் பிரித்தும் விடும் மின்காந்த அமைப்பில். அதைப் பிடித்த வரிசையிலேயே எழுதுகிறேன். மல்டிமீட்டரில் டிசி வோல்ட் பார்க்கத் தெரிந்தால் போதும்.

படி 1: எப்போது நிற்கிறது?

எந்தக் கருவியையும் எடுக்கும் முன் இதைக் கவனியுங்கள். பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

நெரிசலில் நின்றால் குளிர் போய், வண்டி ஓடத் தொடங்கியதும் திரும்பினால் கேஸின் சூட்டை ஆற்றும் கண்டென்ஸரின் ஃபேனைப் பாருங்கள். ஃபேன் சுற்றாவிட்டால் அழுத்தம் ஏறி, பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும்.

நீண்ட ஓட்டத்தில், புளோயர் சத்தம் அப்படியே இருக்க, வரும் காற்றின் அளவு மட்டும் குறைந்துகொண்டே போனால் கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. ஏசியை மட்டும் அணைத்து, புளோயரைக் கால் மணி நேரம் ஓடவிட்டால் காற்று திரும்பும். கேபின் ஃபில்டர், காயில் வெப்ப சென்சார் இரண்டையும் பாருங்கள்.

கிளட்ச் சில நொடிகளுக்கு ஒருமுறை 'டக் டக்' என்று ஒட்டி விடுபட்டால் கேஸ் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மேட்டில் முழுதாக ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது சில நொடி மட்டும் நின்றால் கவலை வேண்டாம். இன்ஜினின் சுமையைக் குறைக்கப் பல டீசல் வண்டிகள் வேண்டுமென்றே அப்படிச் செய்கின்றன.

காற்று வேகமாக வருகிறது, ஃபேனும் ஓடுகிறது, சூடேறியதும் குளிர் மட்டும் போகிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

படி 2: ரிலே

ஃபியூஸைப் பார்த்துவிட்டு, ஏசி ரிலேயை (கிளட்ச்சுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) அதே பெட்டியில் இருக்கும் அதே எண்ணுள்ள இன்னொரு ரிலேயுடன் மாற்றிப் போடுங்கள். சூட்டில் மட்டும் தொடர்பு விடும் ரிலேக்கள் உண்டு. வண்டி நின்ற இடத்தில் வெறுமனே சோதித்தால் அது தெரியாது. ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும்.

படி 3: நின்றுபோன அந்த நேரத்தில் அளவெடுங்கள்

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இது. பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்வதற்குள் ஏசி திரும்ப வந்துவிடும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். ஆகவே குளிர் போனதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், இன்ஜின் ஓடட்டும், ஏசியும் புளோயரும் ஆனில் இருக்கட்டும். பானட்டைத் திறங்கள். பெல்ட் பக்கம் கையோ தொங்கும் துணியோ போகக் கூடாது. ஃபேன் தானாகவே கிளம்பும் என்பதையும் மறக்காதீர்கள்.

கம்ப்ரஸர் முன்பக்கத் தட்டு கப்பியோடு சேர்ந்து சுற்றுகிறதா? சுற்றியும் குளிரவில்லை என்றால் விஷயம் கேஸ் பக்கம்; படி 5-க்குப் போங்கள். கப்பி மட்டும் சுற்றி, தட்டு நின்றிருந்தால் கிளட்ச் கனெக்டரில் வோல்ட் பாருங்கள். கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக ஊசியைச் செருகித்தான் பார்க்க வேண்டும். கழற்றிப் பார்த்தால், அரித்துப்போன ஒயர்கூட 12 வோல்ட் காட்டும். சுமை ஏறும்போதுதான் அதன் குறை தெரியும். இதனால்தான் மீட்டரோடு பழைய இழை பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப் ஒன்றும் வைத்திருக்கச் சொல்வேன். எல்இடி வகை வேண்டாம். துளி மின்சாரத்துக்கே எரிந்து ஏமாற்றும்.

வோல்ட் இல்லவே இல்லை என்றால் ரிலே, பிரஷர் சுவிட்ச், படி 1-இல் சொன்ன காயில் வெப்ப சென்சார் பக்கம் தேடுங்கள். இன்ஜின் மிகவும் சூடானதால் நிறுத்தியிருக்கலாம். டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். 9, 10 வோல்ட் என்றால் கனெக்டர் அல்லது எர்த். ஐடிலில் டீசல் இன்ஜின் குலுக்கும் குலுக்கலில், பழைய வண்டிகளில் எர்த் போல்ட் தளர்வது சகஜம். 12 வோல்ட்டுக்கு மேல் முழுதாக வந்தும், எர்த்தும் சரியாக இருந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால் கோளாறு கிளட்ச்சிலேயே இருக்கிறது.

படி 4: கிளட்ச் இடைவெளி

தட்டு தேயத் தேய, அதற்கும் கப்பிக்கும் உள்ள இடைவெளி கூடும். கிளட்ச்சின் மின்காந்தக் காயில் (கூலிங் காயில் அல்ல) சூடாகும்போது அதன் மின்தடை ஏறி, காந்த இழுப்பு குறையும். ஆறியிருக்கும்போது எட்டி இழுத்த காந்தத்துக்குச் சூட்டில் எட்டாமல் போகிறது. அரை மணி நேரக் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது.

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) மூன்று இடத்தில் அளங்கள். பல வண்டிகளில் 0.3 முதல் 0.6 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. கூடுதலாக இருந்தால் நடு போல்ட்டைக் கழற்றி, தட்டை இழுத்தெடுத்து, உள்ளே உள்ள மெல்லிய ஷிம் வாஷர்களில் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி அளங்கள். இடைவெளியே இல்லாமல் செய்துவிடாதீர்கள். தட்டு எப்போதும் உரசி, பேரிங்கும் கிளட்ச்சும் வீணாகும். ஷிம் மிச்சமில்லை அல்லது தட்டு நீலமாகக் கருகியிருக்கிறது என்றால் கிளட்ச்சை மாற்றுவதுதான் வழி.

படி 5: கேஸ் என்று உறுதியானால்

இதை வீட்டில் செய்யாதீர்கள். பழைய கார் ஏசிகளில் இருக்கும் ஆர்134ஏ கேஸைக் காற்றில் திறந்துவிடக் கூடாது. கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும் வாயு அது. முதலில் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அங்கே சந்தேகப்படலாம். குழாயைத் திறந்து வேலை செய்தால் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றி, நன்றாக வேக்குவம் போட்ட பிறகே நிரப்ப வேண்டும். ஈரம் மிஞ்சினால் கூலிங் காயிலுக்குக் கேஸை விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து, மறுபடி விட்டு விட்டு நிற்கும்.

பின்சேர்க்கை: "என் கம்ப்ரஸரில் தட்டு நிற்பதே இல்லை, எப்போதும் சுற்றுகிறது" என்று சிலர் கேட்டிருந்தார்கள். அவை கிளட்ச் இல்லாத வகையாக இருக்கலாம். உள்ளே ஒரு கட்டுப்பாட்டு வால்வு குளிரைக் கூட்டிக் குறைக்கும். அந்த ஒயரில் டெஸ்ட் லேம்ப் வைக்காதீர்கள். ஸ்கேனர் போட்டு அழுத்த அளவையும் வால்வுக்குப் போகும் கட்டளையையும் படிப்பதுதான் சரி.