வேர்டிலிருந்து லிப்ரெஆபிஸுக்கு: பழைய ஃபைல் கலையாமல் மாறும் வழி

வேர்டு, எக்செல் செய்யும் வேலைகளைச் செய்யும் இலவச மென்பொருளான லிப்ரெஆபிஸை நிறுவி, ஒரே வாரத்தில் வேர்டுக்கே திரும்பிய நண்பர்கள் எனக்கு உண்டு. "பழைய ஃபைலைத் திறந்தேன், பக்கமெல்லாம் கலைஞ்சு போச்சு" என்பார்கள். பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். நிறுவும்போதே அதைச் சரிசெய்துவிடலாம்.

படி 1: லிப்ரெஆபிஸ் டாட் ஓஆர்ஜி தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். காசு கிடையாது. தேடும்போது ஓப்பன்ஆபிஸ் என்ற பெயரும் வரும். இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். ஓப்பன்ஆபிஸை வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய 2010-இல், ஓப்பன்ஆபிஸில் உழைத்த பலர் பிரிந்துவந்து தொடங்கியது லிப்ரெஆபிஸ். வேலை சுறுசுறுப்பாக நடப்பது இங்கேதான், இதையே எடுங்கள்.

படி 2: டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் லாங்குவேஜஸ் அண்ட் லோகேல்ஸ், ஜெனரல். 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' (சுருக்கமாக சிடிஎல்) பெட்டியில் டிக் போட்டுத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம், அதே ஆப்ஷன்ஸில், வேர்டுக்கு இணையான ரைட்டருக்குக் கீழே 'பேசிக் ஃபான்ட்ஸ் சிடிஎல்' என்று ஒரு பக்கம் இருக்கும். தமிழுக்கான எழுத்துருவும் அளவும் அங்கேதான். ஆங்கிலத்துக்கு வேறு பக்கம். ஆங்கிலம் 12, தமிழ் 11 என்று நான் வைத்திருக்கிறேன். தமிழ் எழுத்து அகலமானது, அப்போதுதான் வரி சீராகத் தெரிகிறது.

படி 3: இதில்தான் கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும். வேர்டு 2007 முதல் பல ஆண்டுகள் அதன் வழக்கமான எழுத்துரு காலிப்ரி. அது மைக்ரோசாஃப்டின் சொத்து. லினக்ஸ் கணினியில் இருக்காது. லிப்ரெஆபிஸ் அந்த இடத்தில் கார்லிட்டோவை வைக்கும். இரண்டிலும் எழுத்துகளின் அகலம் ஒன்றே என்பதால் வரி அதே இடத்தில் முறியும். டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப் இப்படித்தான் கைகொடுக்கிறது.

தமிழில் நிலைமை வேறு. விண்டோஸின் லதா எழுத்துருவில் அடித்த நான்கு பக்கம், லதா இல்லாத கணினியில் ஐந்து பக்கமாகலாம். அதனால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை இரண்டு கணினியிலும் நிறுவி, ஃபைலை அதற்கு மாற்றிவிடுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தால் பதறாதீர்கள். அது யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்ல. பாமினியை நிறுவினால் படிக்கலாம், யூனிகோடுக்கு மாற்றிவைத்தால் நிரந்தரத் தீர்வு.

படி 4: மூலப் பிரதியை லிப்ரெஆபிஸின் சொந்த வடிவமான ஓடிடி (.odt) வடிவில் சேமியுங்கள். 2006-இலேயே ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பு ஏற்ற திறந்த வடிவம் அது. நம்மைக் கட்டிப்போடுவது மென்பொருளைவிட ஃபைலின் வடிவம்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு, சுமார் 30,000 கணினிகளை லிப்ரெஆபிஸுக்கு மாற்ற 2024-இல் முடிவெடுத்தபோது, இந்த வடிவத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. வேர்டு வைத்திருப்பவர் திருத்த வேண்டுமென்றால் 'சேவ் அ காப்பி' மூலம் வேர்டின் டாக்எக்ஸ் (.docx) வடிவில் பிரதி அனுப்புங்கள். படித்தால் போதுமென்றால் பிடிஎஃப்.

மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) உள்ள எக்செல் ஃபைல்களை மட்டும் கடைசியில் வையுங்கள். சில மேக்ரோக்கள், எக்செலுக்கு இணையான கால்க்கில் ஓடாது. ஒவ்வொன்றாகத் திறந்து, கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு மாற்றினால் போதும்.