பட்டியில் கன்று கலைந்தால் செய்யக் கூடாதவை

திருகோணமலை மாவட்டத்து மூதூர், கிண்ணியா, ஈச்சிலம்பற்றுப் பக்கத்துப் பட்டிகளில் சினைப்பசுவோ எருமையோ 5 மாதம் கடந்தபின் கன்றைக் கலைத்துப் போட்டால், "மற்ற மாடு முட்டியிருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். முட்டுப்பட்டும் கலையலாம்தான். ஆனால் புறூசெல்லோசிஸ் (மாட்டுக்குக் கருவைக் கலைக்கும், மனிதருக்கும் தொற்றும் கிருமிநோய்) இல்லை என்று பரிசோதனையில் தெரியும்வரை அந்த நோய்தான் என்று வைத்து நடக்க வேண்டும். கலைந்த உடனே எடுத்த இரத்தத்தில் நோய் தெரியாமலும் போகலாம். 3 கிழமை கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், அதுவரை மாட்டைத் தனியே கட்டுங்கள்.

பட்டியையே கெடுப்பது இளங்கொடியில் நடக்கும் பிழை. இளங்கொடியைச் சாக்கில் கட்டிப் பால்மரத்தில் தொங்கவிடுவது நம் வழக்கம். கலைந்த கன்றின் கொடியையும் அப்படிக் கட்டினால், வடியும் நீரும் காகமும் நாயும் இழுத்துப்போடும் துண்டுகளும் மேய்ச்சற்தரையில் கிருமியைப் பரப்பும். கடும் வெயிலில் சில மணி நேரத்தில் சாகும் கிருமி, மாரிகாலத்து ஈர நிழலில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மற்ற மாடுகள் முகர்ந்து நக்கினாலே தொற்றிவிடும். கால்நடை வைத்தியருக்கு முதலில் அறிவியுங்கள், மாதிரி எடுக்க வேண்டியிருக்கும். பிறகு கையுறை போட்டு, கன்று, கொடி, நனைந்த வைக்கோல் எல்லாவற்றையும் கிணறு, வாய்க்காலுக்கு எட்டத்தில், 4 அடிக்குக் குறையாத கிடங்கில் சுண்ணாம்பு கொட்டிப் புதையுங்கள்.

இந்த நோயில் கொடி விழாமல் தங்குவது சகஜம். அதை வெறுங்கையால் இழுக்கவே கூடாது. கையிலுள்ள சிறு கீறல் வழியாகவும் கிருமி மனிதருக்கு வரும்: விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி. ஆஸ்பத்திரிக்குப் போனால் கலைந்த கன்றைத் தொட்டதைச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் வேறு காய்ச்சலென்றே மருந்து தருவார்கள். கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம், அவர்களுக்கும் கருச்சிதைவு நேரலாம்.

அடுத்த முறை மாடு நல்லபடி ஈன்றதும் "சுகம் வந்துவிட்டது" என்று நம்புவது இன்னொரு பிழை. தொற்றிய மாடு பெரும்பாலும் ஒருமுறைதான் கலைக்கும். அதன்பின் ஈனும்போதும் பாலிலும் கிருமியை வெளியே விடும். ஊசி போட்டு மாட்டைச் சுகப்படுத்த முடியாது. ஆகவே அதை வேறு பட்டிக்கு விற்காதீர்கள். வைத்தியர் சொல்கிறபடி ஒதுக்குங்கள். பச்சைப்பால் யாருக்கும் கொடுக்காதீர்கள், தயிருக்கும் பாலைக் கொதிக்க விட்டே உறையூற்றுங்கள்.

இந்த நோய்க்கான எஸ்19 தடுப்பூசி 3 முதல் 8 மாதப் பெண்கன்றுகளுக்கு மட்டும். நாம்பனுக்கு (ஆண்மாட்டுக்கு) போட்டால் விதை வீங்கலாம், சினைமாட்டுக்குப் போட்டால் கரு கலையலாம். வயது கடந்து போட்டாலோ, பின்னாளில் இரத்தத்தில் தெரிவது நோயா ஊசியா என்று பிரித்தறிவது கஷ்டம்.