சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஹைட்ரஜனில் பறக்க எவ்வளவு வேண்டும்? நீங்களே கணக்குப் போட ஒரு வழிகாட்டி

விமானங்கள் ஹைட்ரஜனுக்கு மாறும் என்ற செய்தியைப் படிக்கும்போது, அது நடக்குமா நடக்காதா என்று வாதாடுவதைவிட ஒரு தாளும் கால்குலேட்டரும் எடுத்து உட்காருவது மேல். அரை மணி நேரம் போதும். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் செயல்திட்டத்துக்கும் இதை அப்படியே பயன்படுத்தலாம்.

முதலில், இப்போது எவ்வளவு எரிகிறது என்று பாருங்கள். சாங்கி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குச் சுமார் 2,900 கிலோமீட்டர், ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். 180 பேர் அமரும் ஏர்பஸ் ஏ320 வகை விமானம் மணிக்குச் சுமார் 2.5 டன் மண்ணெண்ணெய் வகை எரிபொருளை எரிக்கும். ஆக 10 டன். ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வரும் என்பதால் மொத்தம் 31.6 டன். இந்த 31.6 என்ற எண்ணைத் தாளின் ஓரத்தில் வட்டமிட்டு வையுங்கள். கடைசியில் இதோடுதான் ஒப்பிடப்போகிறோம்.

அடுத்து ஆற்றல். விமான எரிபொருள் கிலோவுக்கு 43 மெகாஜூல், ஹைட்ரஜன் 120 மெகாஜூல். 10,000 கிலோவை 43-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 3,583 கிலோ ஹைட்ரஜன். எஞ்சினின் திறன் மாறவில்லை என்று வைத்துக்கொள்கிறோம். பலரும் தவறுவது இங்கேதான்: சில அட்டவணைகளில் ஹைட்ரஜனுக்கு 142 மெகாஜூல் என்று இருக்கும். அது நீராவி குளிர்ந்து நீராகும்போது வரும் வெப்பத்தையும் சேர்த்த எண். எஞ்சினிலிருந்து நீராவி அப்படியே வெளியே போய்விடுவதால் அந்த வெப்பம் நமக்குக் கிடைக்காது. ஒன்றுக்கு 43, மற்றதற்கு 142 என்று கலந்துவிட்டால் விடை ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

எடை மூன்றில் ஒரு பங்காகிவிட்டதே என்று மகிழ்வதற்கு முன் கொள்ளளவைப் பாருங்கள். ஹைட்ரஜனைத் திரவமாக வைக்க மைனஸ் 253 டிகிரி செல்சியஸ் வேண்டும். அப்போதும் ஒரு கன மீட்டரில் 71 கிலோதான் அடங்கும். 3,583 கிலோவுக்கு 50 கன மீட்டர். பழைய எரிபொருளோ 12.5 கன மீட்டரில் அடங்கிவிடும். சென்னையில் இறங்க முடியாமல் வேறு நிலையத்துக்குப் போகவேண்டி வந்தால்? அதற்கான கையிருப்பையும் சேர்த்து 4.5 டன் என்று வைத்தால் 63 கன மீட்டர் ஆகிறது.

இறக்கைக்குள் இதை வைக்க முடியாது. மெல்லிய, தட்டையான தொட்டியில் பரப்பு அதிகம், வெப்பம் உள்ளே புகுந்து திரவம் கொதித்துக்கொண்டே இருக்கும். உருண்டையோ உருளையோ வேண்டும், அதுவும் விமானத்தின் உடலுக்குள். ஏ320 உடலின் உட்புற விட்டம் 3.7 மீட்டர், வட்டப் பரப்பு 10.75 சதுர மீட்டர். 63-ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். இருக்கை வரிசைக்கு 75 சென்டிமீட்டர் என்றால் 8 வரிசை, 48 பேர் உட்காரும் இடம். வெப்பக்காப்பும் தொட்டியின் வளைந்த முனைகளும் இன்னும் கொஞ்சம் கேட்கும். ஆகவே உங்கள் தாளில் 180 பேர் என்று எழுதியிருந்தால் அதை அடித்து 130 என்று மாற்றுங்கள்.

திரவம் எதற்கு, ஹைட்ரஜன் காரில் வைப்பதுபோல் 700 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 700 மடங்கு) அழுத்தத்தில் வாயுவாக அடைத்தால் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. இன்றைய கார் தொட்டிகளில் மொத்த எடையில் 5.7 சதவீதம்தான் ஹைட்ரஜன், மீதி தொட்டி. 4,500 கிலோவை 0.057-ஆல் வகுத்தால் 79 டன். ஏ320 நியோ புறப்படும்போது பயணிகள், பெட்டிகள் எல்லாம் சேர்த்து இருக்கக்கூடிய உச்ச எடையே 79 டன்தான்.

இப்போது முக்கியமான இடம்: அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? இந்தப் படியை விட்டுவிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். நீரை மின்சாரத்தால் பிரிக்கக் கிலோவுக்குச் சுமார் 55 கிலோவாட் மணி, திரவமாக்க இன்னொரு 10. மொத்தம் 65. 3,583 கிலோவுக்கு 2,33,000 கிலோவாட் மணி. உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு மின்கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். மாதம் 400 கிலோவாட் மணி என்று இருந்தால், ஒரே ஒரு பயணத்துக்குத் தேவைப்படுவது உங்கள் வீட்டின் 48 ஆண்டு மின்சாரம்.

சிங்கப்பூரின் மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. ஒரு கிலோவாட் மணிக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு. பெருக்கினால் 93 டன். வட்டமிட்ட 31.6-ஐ இப்போது பாருங்கள்: எந்தப் புகையும் இல்லாத விமானம் மூன்று மடங்கு கரியமில வாயுவை ஜூரோங் தீவிலோ துவாஸிலோ உள்ள மின்நிலையப் புகைபோக்கியில் விட்டிருக்கும். 31,600 கிலோவை 2,33,000-ஆல் வகுத்தால் 0.136. ஒரு கிலோவாட் மணி மின்சாரத்துக்கு வரும் கரியமில வாயு இந்த 0.136 கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் ஹைட்ரஜன் விமானத்தால் லாபம். எந்த நாட்டின் திட்டத்தைப் படித்தாலும் இந்த எண்ணை வைத்துச் சோதியுங்கள். சூரியத் தகடு போட நிலமில்லாத நமக்கு, குறைந்த கரிம மின்சாரத்தையோ ஹைட்ரஜனையோ வெளியிலிருந்து கொண்டுவருவதே வழி. 2035-க்குள் 6 கிகாவாட் மின்சாரத்தை இறக்குமதி செய்யும் இலக்கை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும்.

ஹைட்ரஜனை எஞ்சினில் எரிப்பதா, எரிபொருள் கலத்தில் (எரிக்காமல் ஆக்சிஜனோடு சேர்த்து மின்சாரம் எடுக்கும் கருவியில்) மின்சாரமாக்குவதா என்பதும் விடையை மாற்றும். எரித்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் வரும், கலத்தில் வராது. ஆனால் கலத்துக்கு வேறு தலைவலி, வெப்பம். 2025-ல் ஏர்பஸ் காட்டிய வடிவமைப்பில் நான்கு மின் உந்திகள், ஒவ்வொன்றும் 2 மெகாவாட். கலத்தின் திறன் 50 சதவீதம் என்றால் 8 மெகாவாட் மின்சாரத்தோடு 8 மெகாவாட் வெப்பமும் வரும். கலம் இயங்குவது 80 டிகிரி வாக்கில். சாங்கி ஓடுபாதையில் மதியக் காற்று 32 டிகிரி. வெப்பத்தை வெளியே தள்ள இடைவெளி 48 டிகிரிதான். குளிர்நாட்டில் போதுமான ரேடியேட்டர் இங்கே போதாது. பெரிதாக்கினால் காற்றுத்தடை கூடும்.

எரிபொருள் நிரப்புவதற்கும் ஒரு வரி எழுதுங்கள். திரவ ஹைட்ரஜன் ஏற்றும் ஒரு டேங்கர் லாரி 3.5 முதல் 4 டன் கொள்ளும். ஒரு சென்னைப் பயணத்துக்கே ஒரு லாரி போதாது. குழாயில் காற்று துளி இருந்தாலும் ஆபத்து, ஆக்சிஜனும் நைட்ரஜனும் உறைந்து கட்டியாகிவிடும். காற்றை வெளியேற்ற நைட்ரஜனையும் பயன்படுத்த முடியாது, அதுவே மைனஸ் 210-ல் உறையும். கடைசியில் ஹீலியம்தான் வேண்டும்.

ஒப்பிட, பசுமை விமான எரிபொருளுக்கும் (பயன்படுத்திய சமையல் எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்து, வழக்கமான எரிபொருளோடு கலப்பது) ஒரு கணக்கு. 2024 பிப்ரவரியில் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அறிவித்த இலக்கு 2026-ல் 1 சதவீதம், 2030-க்குள் 3 முதல் 5 சதவீதம். 10 டன்னில் 1 சதவீதம் 100 கிலோ. தயாரிப்பிலிருந்து எரிப்பு வரையிலான மொத்த வெளியேற்றம் 80 சதவீதம் குறையும் என்று கொண்டால் குறைவது சுமார் 250 கிலோ கரியமில வாயு, 31.6 டன்னில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் இதற்குப் புதிய விமானமோ தொட்டியோ வேண்டாம், இன்றே ஊற்றலாம்.

பிறகு தூரத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள். லண்டனுக்கு 80 டன் எரிபொருள் என்று வைத்தால் ஹைட்ரஜனுக்கு 400 கன மீட்டர் தாண்டும். ஏர்பஸ் 2020-ல் காட்டிய ஹைட்ரஜன் டர்போபிராப் (விசிறி உந்தி கொண்ட விமான) வடிவம் 100 பயணிகளோடு சுமார் 1,850 கிலோமீட்டர் பறப்பதாக இருந்தது. ஜகார்த்தாவும் பேங்காக்கும் அதற்குள் வரும், சென்னை வராது.