தமிழ்ப் பெயர்ப்பலகையை லேசரில் வெட்டக் கொடுக்கும் முன்

வாசலுக்கு ‘வள்ளி இல்லம்’ என்று 1.5 மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் எழுத்தை ஓட்டையாக வெட்டி வாங்கினேன். பார்சலைப் பிரித்தால் வ-வுக்குச் சுழி இல்லை, ள-வுக்கும் இல்லை. சுழி இருக்க வேண்டிய இடமெல்லாம் பொத்தல். திரையில் சரியாகத்தான் இருந்தது. வெட்டியவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் அனுப்பிய கோட்டில்தான் லேசர் போயிருக்கிறது. இரண்டாவது தகட்டுக்கு என்ன செய்தேன் என்பதுதான் இந்தப் பதிவு. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தமிழ் தட்டச்சு செய்யத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. எழுத்துரு. நான் முக்த மலர் போல்டு பயன்படுத்தினேன். பலூ தம்பி பார்க்க அழகு, ஆனால் அந்தத் தடிமனில் சுழிக்குள் இடமே மிஞ்சாது.

2. எழுத்தைப் பாத்தாக, அதாவது வெறும் கோடாக, மாற்றுவது. ஆவணத்தின் அலகை மி.மீ.க்கு மாற்றி, எழுத்து உயரத்தை 80 மி.மீ. வைத்தேன். பிறகு ‘ஆப்ஜெக்ட் டு பாத்’, அன்குரூப், யூனியன். இதைச் செய்யாமல் அனுப்பினால் கடைக் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போய்விடும். இப்போது ‘அவுட்லைன்’ பார்வைக்கு மாறுங்கள். லேசருக்குத் தெரிவது அந்தக் கோடு மட்டும்தான்.

3. பாலம். நான் விழுந்த இடம் இதுதான். சுழியைச் சுற்றி முழுதாக வெட்டினால் நடுவில் இருக்கும் தகடு எதிலும் ஒட்டியிருக்காது, கீழே விழும். அரிசி மூட்டையில் மை அடிக்கும் தகர அச்சைப் பார்த்திருப்பீர்கள்; எழுத்து அங்கங்கே விட்டுவிட்டு இருக்கும். அப்படி வெட்டாமல் விடும் துண்டுதான் பாலம்; நடுத்தகட்டை வெளித்தகட்டோடு பிடித்து வைக்கும்.

2.5 மி.மீ. அகலத்தில் ஒரு செவ்வகம் வரைந்து, சுழியின் உள்ளிருந்து வெளித்தகடு வரை எழுத்தின் கோட்டுக்குக் குறுக்கே வையுங்கள். செவ்வகம் மேலே இருக்க, இரண்டையும் தேர்ந்தெடுத்து ‘டிஃபரன்ஸ்’. சின்னச் சுழிக்கு ஒன்று போதும். இ போன்ற பெரிய எழுத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒற்றைப் பாலத்தில் தொங்கினால் சூட்டில் வளையும், கை பட்டாலும் வளையும். தகட்டின் தடிமனைவிடப் பாலம் ஒல்லியாக வேண்டவே வேண்டாம். எல்லாப் பாலத்தையும் செங்குத்தாகவே வைத்தால் கண்ணுக்கு உறுத்தாது.

எல்லாச் சுழிக்கும் பாலம் போட்டாயிற்றா என்று எப்படித் தெரியும்? தாளில் அச்செடுத்து பிளேடால் வெட்டிப் பாருங்கள். தாளில் விழுவது தகட்டிலும் விழும். இரண்டாவது ல-வுக்குப் பாலம் விட்டுப்போனது எனக்கு இப்படித்தான் தெரிந்தது.

4. கோப்பு. டிஎக்ஸ்எஃப் (வெட்டும் கடைகள் கேட்கும் கோப்பு வகை) ஆகச் சேமியுங்கள், அலகு மி.மீ. லேசர் தின்னும் அகலத்துக்காக நீங்கள் எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அதை மெஷின்காரர் பார்த்துக்கொள்வார். எஸ்.எஸ். என்றால் நைட்ரஜனில் வெட்டச் சொல்லுங்கள். ஆக்சிஜனில் ஓரம் கருத்துவிடும். வீட்டில் வைத்திருக்கும் 40 வாட் சிஓ2 லேசர் மெஷின் இதற்கு ஆகாது, ஃபைபர் லேசர் உள்ள கடைதான் வேண்டும்.

பின்சேர்க்கை: தகடு வேண்டாம், எழுத்துகளைத் தனித்தனியாகச் சுவரில் பதிக்கிறேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே கதை தலைகீழ். சுழி பத்திரமாக இருக்கும், புள்ளி விழுந்துவிடும். ‘வள்ளி இல்லம்’ என்பதில் மட்டும் மூன்று புள்ளி! ஓலையில் எழுதியவர்கள் கிழிந்துவிடும் என்று புள்ளியே வைக்காமல் விட்டார்களாம். நமக்கு அந்தச் சலுகை இல்லை. புள்ளியை எழுத்தோடு ஒரு கழுத்து வைத்து இணைக்கலாம், எனக்கு அது பிடிக்கவில்லை. புள்ளியைத் தனி வட்டமாக வெட்டி, பின்னால் ஒரு ஸ்டட் (சின்னக் கம்பி) வெல்டு வைத்துச் சுவரில் பதிப்பதே நல்லது. துளை எங்கே என்று தெரிய, முழுப் பெயரையும் அசல் அளவில் தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு டிரில் போடுங்கள்.

இன்னொன்று: ஒருவருக்கு 600 மி.மீ. பலகை கடைத் திரையில் 15 மீட்டருக்கு மேல் தெரிந்ததாம். மி.மீ.யை அங்குலமாகத் திறந்தால் 25.4 மடங்கு ஆகும். கோப்பை வாட்ஸப்பில் அனுப்பும்போதே ‘மொத்த அகலம் 600 மி.மீ.’ என்று கூடவே எழுதிவிடுங்கள்.