பிறவி சிஎம்வி இருக்கற குழந்தைக்கு மூளை ஸ்கேன்: பண்ணக்கூடாத தப்புகள்

கர்ப்பத்துல அம்மாகிட்ட இருந்து குழந்தைக்கு தொத்தற வைரஸ்கள்ல ரொம்ப சகஜமானது சிஎம்வி, அதாவது சைட்டோமெகலோவைரஸ். இப்படி வயித்துலயே தொத்தினா அது தான் பிறவி சிஎம்வி. இதுல மொதல் தப்பே ஸ்கேன்ல இருந்து ஆரம்பிக்கறது தான். ஸ்கேன் சந்தேகத்த கிளப்பும், உறுதி பண்ணாது. பிறந்து 21 நாளுக்குள்ள யூரின்லயோ எச்சில்லயோ பிசிஆர் டெஸ்ட் எடுத்துடணும், அது தாண்டிட்டா வயித்துல இருக்கும்போதே வந்துச்சா இல்ல அப்புறமா தாய்ப்பால் வழியா வந்துச்சானு பிரிச்சு சொல்றது கஷ்டம்.

அடுத்தது, உச்சிக்குழி வழியா எடுக்கற அல்ட்ராசவுண்ட் நார்மல்னு வந்ததும் அதோட விட்டுடறது. அது நல்ல டெஸ்ட் தான், கதிர்வீச்சு கிடையாது, குழந்தை படுத்திருக்கற எடத்துலயே எடுத்துடலாம், மூளைக்குள்ள இருக்கற நீர் அறை பெருசாகியிருந்தாலோ அதை சுத்தி கால்சியம் படிஞ்சிருந்தாலோ காட்டிடும். ஆனா மூளையோட மேல் மடிப்பு சரியா உருவாகலனா, வெள்ளைப் பகுதில மாற்றம் இருந்தா, அதெல்லாம் எம்ஆர்ஐல தான் தெளிவா தெரியும். அதனால பிறக்கும்போதே அறிகுறி இருந்தாலோ அல்ட்ராசவுண்ட்ல ஏதாவது தெரிஞ்சாலோ எம்ஆர்ஐய தள்ளிப்போடாதீங்க.

மயக்க மருந்துக்கு பயந்து தான் நிறைய பேர் தள்ளிப்போடறாங்க, ஆனா முதல் சில வாரத்துல பால் குடுத்து, துணில கதகதப்பா சுத்தி, காத மூடி, தூங்கும்போதே எடுத்துட முடியும், மாசக்கணக்குல லேட் பண்ணா தான் மயக்கம் குடுக்க வேண்டி வரும். கால்சியம் பாக்கறதுக்குனு நேரா சிடிக்கு போறதும் வேண்டாம், தேவையில்லாத கதிர்வீச்சு.

ரிப்போர்ட்ட படிச்சுட்டு தேவைக்கு மேல பயப்படறதும் தப்பு தான். அல்ட்ராசவுண்ட்ல மூளையோட உள்பக்க ரத்தக்குழாய் மட்டும் வெள்ளைக் கோடா தெரியுதுனு இருந்தா, வேற எந்த குறையும் இல்லனா, அதை வெச்சு மட்டும் மூளை பாதிச்சிருச்சுனு முடிவு பண்ணக்கூடாது, இந்த வைரஸே இல்லாத குழந்தைகளுக்கும் அப்படி தெரியும். பச்சக்குழந்தை மூளைல தண்ணி ஜாஸ்தி, வெள்ளைப் பகுதி எம்ஆர்ஐல பெரியவங்களுக்கு தெரியற மாதிரி தெரியாது, அதனால குழந்தைங்க ஸ்கேன் பாத்து பழகின ரேடியாலஜிஸ்ட் படிக்கறது முக்கியம்.

எனக்கு மனசு ஆறாத தப்பு ஒண்ணு இருக்கு. மூளை ஸ்கேன் நல்லா இருக்குனு காது டெஸ்ட்ட நிறுத்திடறாங்க. ஸ்கேன் நார்மலா இருக்கற குழந்தைக்கும், பிறந்தப்ப காது டெஸ்ட் பாஸ் ஆன குழந்தைக்கும் கூட, பல மாசமோ வருஷமோ கழிச்சு கேக்கற திறன் குறையலாம். காது டாக்டர்கிட்ட இது பிறவி சிஎம்வினு மறக்காம சொல்லுங்க, அப்ப தான் எவ்வளவு நாளைக்கு ஒரு தடவ பாக்கணும்னு அவரால முடிவு பண்ண முடியும்.